இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கதவு தட்டப்படும்: ஜோடியாகத் துடுப்புப் போட்டு அட்லாண்டிக்கைக் கடக்க நினைப்பவர்களுக்கு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அட்லாண்டிக்கைக் கடந்தவன் இல்லை. இங்கிலாந்தில் எசெக்ஸ் கரையோரம் ஓர் இருவர் படகில் மூன்று இரவு பயிற்சி எடுத்தவன், அவ்வளவுதான். கூட வந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அதற்குப் பிறகு சில வருடங்களாக, கடலைக் கடக்கப் போகிறவர்களுக்குக் கரையில் இருந்து உதவி வருகிறேன். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுவது, வானிலை பார்த்துச் செய்தி அனுப்புவது மாதிரி வேலைகள். அவர்கள் திரும்பி வந்து சொன்னதும் என்னுடைய மூன்று இரவும் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி.

புதியவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது ஒரே பாதையைத்தான். கேனரித் தீவுகளில் லா கோமேராவின் சான் செபாஸ்டியனில் கிளம்பி, கரீபியனில் ஆன்டிகுவாவின் இங்கிலிஷ் ஹார்பரில் போய்ச் சேருவது. ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். ஒவ்வொரு டிசம்பரிலும் இதே பாதையில் போட்டி நடக்கிறது. வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோலப் படகைத் தள்ளிக்கொண்டு போகும் என்பதால்தான் இந்தப் பாதை. 1997இல் பிரிட்டிஷ் கடலோடி சே பிளைத் நடத்திய முதல் அட்லாண்டிக் போட்டி டெனரீஃபிலிருந்து பார்படோஸ் வரை. முப்பது படகுகள், எல்லாமே இருவர் படகுகள். முதலில் வந்த நியூசிலாந்து ஜோடி ராப் ஹாமிலும் ஃபில் ஸ்டப்ஸும் எடுத்துக்கொண்டது 41 நாள். உங்களுக்கும் எனக்கும் அதெல்லாம் கட்டாது. 50 முதல் 70 நாள் என்று மனதில் வைத்துக்கொண்டு சாப்பாட்டைக் கட்டுங்கள்.

படகு ஏழு மீட்டர் நீளம் இருக்கும். முன்னே ஒரு கேபின், பின்னே ஒரு கேபின், நடுவில் திறந்த தளத்தில் சறுக்கு இருக்கைகள். இதற்குள்தான் இரண்டு மாதம், இரண்டிரண்டு மணி நேரமாக மாறி மாறி: ஒருவர் வெளியே துடுப்பில், ஒருவர் உள்ளே ஓய்வில்.

கரையில் கேட்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "எது உங்களைத் தொடர்ந்து போக வைத்தது?" தொண்டு நிறுவனத்துக்கு நிதி, இறந்துபோன அப்பாவின் நினைவு, சாதனை என்று பதில் வரும். பொய் இல்லை. ஆனால் தனியாகப் பேசும்போது அதே ஆட்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். பெரிய காரணங்கள் முதல் வாரத்துக்குத் தாங்கும். அதற்கப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வர வைப்பது ஒன்றுதான்: வெளியே இருப்பவருடைய இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது. நான் கீழே எழுதுவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

1. கரையிலேயே பேசி முடிக்க வேண்டியவை

பணத்தைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. படகு, பதிவுக் கட்டணம், சாமான், பயணம் எல்லாம் சேர்த்து ஒரு ஜோடிக்கு ஒரு லட்சம் பவுண்டை ஒட்டி வந்துவிடும். படகை விற்றால் ஒரு பகுதி திரும்ப வரும். எங்கள் திட்டம் அங்கேதான் நின்றது.

பணத்தைவிடக் கஷ்டமான பேச்சு வேறு. நாம் எதற்குப் போகிறோம்? ஒருவருக்கு ஜெயிக்க வேண்டும், இன்னொருவருக்குத் திமிங்கிலம் பார்க்க வேண்டும் என்றால், நடுக்கடலில் அந்தத் திமிங்கிலம் வரும்போது துடுப்பை நிறுத்தலாமா கூடாதா என்பதிலேயே சண்டை வரும். இருவரும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதி, பிறகு மாற்றிப் படியுங்கள்.

அடுத்து, ஒருவரால் முடியாமல் போனால் என்ன செய்வது? இதைப் பேச எல்லோரும் கூச்சப்படுவார்கள். 2001 போட்டியில் டெப்ரா வீல், ஆண்ட்ரூ வீல் என்ற கணவன் மனைவி கிளம்பினார்கள். அனுபவமுள்ள துடுப்புக்காரர் கணவர்தான். திறந்த கடலின் மீது அவருக்கே தாங்க முடியாத பயம் வந்து, இரண்டு வாரத்தில் துணைப் படகு வந்து ஏற்றிக்கொண்டு போனது. மனைவி இறங்கவில்லை. இருவருக்கான படகைத் தனியாகவே ஓட்டி, 111ஆவது நாள் பார்படோஸ் சேர்ந்தார். யார் மீதும் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. கரையில் எவ்வளவு பலசாலி என்பதை வைத்துக் கடலில் யார் தாங்குவார் என்று சொல்ல முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். "நீ இறங்கினால் நான் போவேன்" அல்லது "நீ இறங்கினால் நானும் இறங்குவேன்", இரண்டில் ஒன்றை முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, வீட்டில் கெட்ட செய்தி என்றால் சொல்ல வேண்டுமா? பாட்டி தவறிவிட்டால் சாட்டிலைட் போனில் சொல்லலாமா, கரை சேர்ந்த பிறகா? இருவர் பதிலும் வேறாக இருக்கலாம். கரையில் இருப்பவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நான்காவது, அவசரத்தில் யார் சொல்வது கடைசிச் சொல்? 1966இல் ஜான் ரிட்ஜ்வேயும் சே பிளைத்தும் அமெரிக்காவின் கேப் காடிலிருந்து அயர்லாந்து வரை 92 நாள் ஒரு திறந்த படகில் வந்தார்கள். ஒருவர் ராணுவக் கேப்டன், இன்னொருவர் சார்ஜென்ட். அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. கல்லூரி நண்பர்களுக்கு எழும்.

பிறகு பழகுங்கள். கடற்படையின் ரூபாவும் தில்னாவும் தாரிணி பாய்மரப் படகில் இருவராகவே உலகைச் சுற்றினார்களே, 2024 அக்டோபர் 2 கோவாவில் கிளம்பி 2025 மே 29 திரும்பியவர்கள். ரூபா புதுச்சேரிப் பெண். அவர்களுடையது துடுப்பு இல்லை, பாய். ஆனால் உலகைச் சுற்றுவதற்கு முன்பே மொரீஷியஸ் வரை அந்த இருவர் மட்டுமே போய் வந்து பழகியிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு மொரீஷியஸ் வேண்டாம். கரை கண்ணில் படுகிற தூரத்தில் மூன்று இரவு போதும். தூங்காத, பசித்த, நனைந்த நிலையில் உங்கள் துணை எப்படிப் பேசுகிறார் என்று தெரிந்துவிடும். நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதும்.

2. முதல் வாரம்: ஒன்றையும் சாதிக்க நினைக்காதீர்கள்

கரை மறைவதற்கு முன்பே வாந்தி ஆரம்பித்துவிடலாம். காற்றுப் புகாத கேபினில் படுத்திருப்பதைவிட வெளியே துடுப்புப் போடும்போது குமட்டல் குறைவாக இருக்கும். மாத்திரையோ காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையோ, எதுவானாலும் டாக்டரைக் கேட்டுக் கரையிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். சிலருக்கு அந்த மாத்திரையே ஆளைச் சாய்த்துவிடும். ஒருவர் ரொம்ப மோசமாக இருந்தால் இரண்டு மணி நேர முறையை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம். சாப்பாடு இறங்காவிட்டால் பிஸ்கட்டும் தண்ணீரும் மடக்கு மடக்காக.

தூக்கம் மூன்று நான்கு நாளுக்கு வரவே வராது. உடம்புக்குப் புது நேரக் கணக்குப் பழக அவ்வளவு ஆகும். அழுகை வரும், வரட்டும். "இதை எதற்கு ஒத்துக்கொண்டோம்" என்று இருவரும் நினைப்பார்கள், ஆனால் ஒருவரிடம் ஒருவர் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிடுங்கள். அடுத்தவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

3. கடிகாரம்

ஜோடிகளின் வழக்கமான முறை இரண்டு மணி நேரம் துடுப்பு, இரண்டு மணி நேரம் ஓய்வு, இரவும் பகலும். ஓய்வு இரண்டு மணி என்பது ஏட்டில்தான். உள்ளே வந்து துடைத்து மருந்து போடப் பதினைந்து நிமிடம், வெந்நீர் வைத்துச் சாப்பிடப் பதினைந்து, எழுந்து தயாராகப் பத்து. மிச்சம் 80 நிமிடத் தூக்கம்.

ஆகவே ஆள் மாறும் அந்தச் சில நிமிடங்களைச் சடங்கு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் முன்பு துடுப்பில் இருப்பவர் கேபின் கதவைத் தட்டுவார். உள்ளே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும், முனகல் கணக்கில் வராது. ஒரு வாய் எதையாவது மென்று, களிம்பு பூசி, உடுத்தி, இடுப்பு வாரைப் படகின் பாதுகாப்புக் கயிற்றில் மாட்டிய பிறகுதான் கதவைத் திறப்பார். வெளியே வந்ததும் நாலே தகவல் கைமாறும்: திசை, காற்று, ஏதாவது கப்பல் தெரிந்ததா, பேட்டரி எவ்வளவு. புதியவர் உட்கார்ந்து துடுப்பைப் பிடிக்கும்வரை பழையவர் எழக் கூடாது. ஆள் இல்லாத படகு ஒரு நிமிடத்தில் அலைக்கு விலாவைக் காட்டித் திரும்பிவிடும்.

எங்கள் இரண்டாம் இரவில் நான் சொதப்பினேன். அண்ணன் தட்டி, "தம்பி, பத்து நிமிசம்" என்றார். "சரிண்ணே" என்றேன். தூக்கப் பையின் சூடு விடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கிடந்து, ஒன்பது நிமிடம் தாமதமாக வெளியே வந்தேன். தூறல். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திசையைச் சொன்னார், காற்றைச் சொன்னார், உள்ளே போய்விட்டார். அந்த இரண்டு மணி நேரமும் நான் அந்த ஒன்பது நிமிடத்தை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாற்றத்துக்கு அவர் ஒரு நிமிடம் முன்பே வந்து நின்றார். என் விரல்கள் துடுப்பைப் பிடித்த வாக்கிலேயே மடங்கி இறுகியிருந்தன. ஒரு சாக்லேட்டை உரித்து, பாதியை ஒடித்து என் வாயில் போட்டுவிட்டு, "எந்திரி, போய்ப் படு" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது. அதற்கப்புறம் நான் தாமதிக்கவில்லை.

கடந்து வந்த ஜோடிகளிடம் சண்டை எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், பத்துக்கு ஏழு பேர் இந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். ஆகவே ஒரு நிமிடம் முன்பு வருவதைப் பழக்கமாக்குங்கள். அடுத்தவருக்குக் கொடுக்க அந்தப் படகில் உங்களிடம் வேறு என்ன இருக்கிறது?

இதில் ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. 24 மணி நேரத்தில் இரண்டு மணி முறைகள் பன்னிரண்டு. இரட்டைப்படை எண். ஆகவே தினமும் அவரவருக்கு அதே நேரம்தான் வரும். சூரிய உதயம் எப்போதும் ஒருவருக்கு, ராத்திரி இரண்டு மணி எப்போதும் இன்னொருவருக்கு. பத்து நாளில் இது மனதைக் கசக்கும். பழைய பாய்க்கப்பல்களில் மாலை நேர முறையை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். நீங்களும் மாலையில் ஒரு இரண்டு மணி முறையை ஒவ்வொரு மணியாக உடையுங்கள். மொத்தம் பதின்மூன்று ஆகிவிடும், மறுநாள் எல்லாம் தானாக மாறிக்கொள்ளும்.

படகின் கடிகாரத்தைக் கிளம்பிய ஊர் நேரத்திலேயே விட்டுவிடுவார்கள். மேற்கே போகப் போகச் சூரியன் தாமதிக்கும். டிசம்பரில் கோமேராவில் காலை 7:45 வாக்கில் உதிப்பது, ஆன்டிகுவாவை நெருங்கும்போது அதே கடிகாரத்தில் 10:30 வாக்கில்தான் உதிக்கும். "காலை" என்று எதைச் சொல்கிறோம் என்பதே குழம்பும். சூரியனைப் பார்த்து நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள், எண்ணைப் பார்த்து வேண்டாம்.

4. உடம்பு

துடுப்புக்காரருக்குக் கை போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கை முதல் வாரத்தில் கொப்பளித்து, பிறகு காய்த்துவிடும். காலையில் விரல்கள் விரியாது, வெந்நீர்க் குவளையைப் பிடித்தால் விரியும். உண்மையில் பயணத்தைக் கெடுப்பது பிட்டம். உப்பு நீர் காய்ந்து படிகமாகி, துணித் தையலோடு சேர்ந்து தோலை அறுக்கும். அந்த உப்புப் புண் சீழ் பிடித்தால் உட்காரவே முடியாது. உட்காராமல் துடுப்புப் போட முடியாது.

ஒவ்வொரு முறை முடிந்ததும், எவ்வளவு அசதியானாலும், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உலர விடுங்கள். குழந்தைகளுக்கு டயாபர் புண்ணுக்குப் போடும் துத்தநாகக் களிம்பைப் பூசுங்கள். இருக்கைக்குச் செம்மறி ஆட்டுத் தோல் விரிப்பு நல்லது, இரண்டு மூன்று வைத்து மாற்றிக்கொள்ளலாம். பலர் இரவில் துணியே இல்லாமல்தான் துடுப்புப் போடுகிறார்கள். சிரிக்காதீர்கள், உராய்வுக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை.

கழிப்பறை ஒரு வாளி. அடியில் கொஞ்சம் கடல் நீர் மொண்டு வைத்துக்கொண்டு, தளத்திலேயே, துணைக்கு ஒரு கை எட்டும் தூரத்தில். கூச்சம் மூன்றாம் நாள் போய்விடும். ஈரத் துடைப்பான்களைக் கடலில் போடாதீர்கள், குப்பைப் பைக்குள் போட்டு ஆன்டிகுவா வரை கொண்டுபோக வேண்டும்.

பக்கவாட்டு அலை துடுப்பைத் தட்டினால் அதன் பிடி நேராக முழங்காலையோ கணுக்காலையோ பதம் பார்க்கும். அதற்கு வழி ஒன்றும் இல்லை, பழக வேண்டியதுதான்.

5. வயிறு, தண்ணீர், மின்சாரம்

ஒரு நாளைக்கு ஆளுக்கு 5,000 கலோரிக்கு மேல் கட்டிக்கொண்டு போவார்கள். அத்தனையும் சாப்பிட்டு முடிக்க முடியாது. பத்துக் கிலோ இளைத்துத் திரும்புவது சாதாரணம், அதனால் கிளம்புவதற்கு முன் கொஞ்சம் சதை போட்டுக்கொண்டு போகிறார்கள். முக்கியச் சாப்பாடு, உறையவைத்து உலர்த்திய பொட்டலம். வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது வாரம் எல்லாப் பொட்டலமும் ஒரே ருசிக்கு வந்துவிடும்.

இங்கேதான் நான் கரையிலிருந்து கொஞ்சம் தலையிடுவேன். நொறுக்குத் தீனியை ஒரு நாளுக்கு ஒரு பை என்று கட்டுங்கள். ஒவ்வொரு பையும் வேறாக இருக்கட்டும். ஒன்றில் முறுக்கு, ஒன்றில் கடலை மிட்டாய், ஒன்றில் உலர்ந்த அத்திப்பழம். காலையில் பையைத் திறந்து "இன்று என்ன" என்று பார்ப்பது அந்த நாளின் ஒரே ஆச்சரியமாக இருக்கும். எங்கள் பயிற்சியில் அண்ணன் ஒரு சிறு டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்திருந்தார். அந்த வெள்ளைக்காரப் பாஸ்தாவை இறக்கியது அதுதான். டிசம்பர் நடுவில் கிளம்பினால் பொங்கல் நடுக்கடலில் வரும். அந்த நாள் பைக்குள் வெல்லம் போடுங்கள்.

தண்ணீர் கடலிலிருந்துதான். உப்பை நீக்கும் இயந்திரம் படகிலேயே இருக்கும், சூரியத் தகடும் பேட்டரியும் அதை ஓட்டும். குடிக்க, சமைக்க, துடைக்க எல்லாம் சேர்த்து ஆளுக்குப் பத்து லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். இரண்டு நாள் மேகம் மூடினால் மின்சாரம் இறங்கும். அப்போது எதை முதலில் அணைப்பது என்று வரிசை எழுதி ஒட்டி வையுங்கள். முதலில் பாட்டு, அடுத்துத் தானியங்கிச் சுக்கான். தண்ணீரும், கப்பல்களுக்கு நம்மைக் காட்டும் ஏஐஎஸ் கருவியும், விளக்கும் கடைசிவரை இருக்க வேண்டும். இயந்திரம் நின்றே போனால் கைப்பம்பு இருக்கிறது. ஒரு மணி நேரம் விடாமல் அடித்தால் நாலரை லிட்டர் கிடைக்கும். அதாவது ஓய்வு நேரம் போயிற்று. ஆகவே வடிகட்டியைக் கழுவுவது யார் பொறுப்பு என்று பெயர் போட்டுவிடுங்கள். "நீ பார்த்திருப்பாய் என்று நினைத்தேன்" என்ற வார்த்தை இருவர் படகில் வரவே கூடாது.

6. இரவு

இருவர் படகின் பெரிய ஆபத்து இதுதான். ஒருவர் துடுப்பில், ஒருவர் தூக்கத்தில். துடுப்பில் இருப்பவர் விழுந்தால் பார்க்க யாரும் இல்லை. காற்று படகைத் தள்ளும் வேகத்துக்கு நீந்திப் பிடிக்க முடியாது. கேபினுக்குள்ளேயே வாரை மாட்டி, கேபினுக்குள் வந்த பிறகே கழற்றுங்கள். "வாளியை எடுக்கத்தானே" என்று கழற்றுவதுதான் பயம்.

கேபின் கதவும் அப்படித்தான். இந்தப் படகுகள் கவிழ்ந்தாலும் தானாக நிமிரும், ஆனால் கேபினுக்குள் காற்று அடைபட்டிருந்தால் மட்டுமே. ஜேம்ஸ் கிராக்னெலும் பென் ஃபோகலும் 2005–06 போட்டியில் கவிழ்ந்து, நிமிர்ந்து, 49 நாளில் ஆன்டிகுவா சேர்ந்தார்கள். உள்ளே புழுங்குகிறது என்று கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது.

நிலா இல்லாத இரவில் அலை கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் வரும். பறவைக்கோலா மீன் திடீரென்று இருட்டிலிருந்து பறந்து வந்து கன்னத்தில் அறையும். காலையில் தளத்தில் நாலைந்து செத்துக் கிடக்கும். தூக்கம் சொக்கினால் பாடுங்கள். பழைய பாட்டை முழுதாக நினைவுக்குக் கொண்டுவர முயல்வதே அரை மணி நேரம் ஓட்டிவிடும். ஒலிப் புத்தகமும் நல்ல துணை.

நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் எந்த முடிவும் எடுக்காதீர்கள், எந்தப் புகாரையும் கிளப்பாதீர்கள். அந்த நேரத்தில் நியாயமாகப் படுவது எதுவும் வெயில் வந்த பிறகு அப்படிப் படாது.

7. எதிர்க்காற்று: இருவரும் ஒரே பெட்டிக்குள்

துடுப்பால் வெல்ல முடியாத எதிர்க்காற்று வந்தால் பாரசூட் நங்கூரம் போட வேண்டும். தண்ணீருக்குள் விரியும் குடை அது. படகின் முன்முனையை அலைக்கு நேராகப் பிடித்து, பின்னால் அடித்துப் போவதைக் குறைக்கும். அப்போது இருவரும் பின் கேபினுக்குள். சவப்பெட்டியைவிடச் சற்றே பெரிது. மூச்சுக்காற்றின் ஈரம் கூரையில் சேர்ந்து முகத்தில் சொட்டும். ஒரு நாள், இரண்டு நாள், சமயத்தில் அதற்கும் மேல். படகு மெல்லப் பின்னோக்கிப் போவதைத் திரையில் பார்க்கலாம்.

அந்தத் திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமாடு கால்மாடாகப் படுங்கள். கிடைத்த தூக்கத்தைத் தூங்குங்கள். பேச்சு வந்தால் பேசுங்கள், வராவிட்டால் கட்டாயம் இல்லை. இருவர் பக்கத்தில் பக்கத்தில் பேசாமல் கிடப்பது கோபம் என்று அர்த்தமில்லை.

8. நடுவில் வரும் சலிப்பு

இருபதாவது நாள் வாக்கில் ஒரு சோர்வு வரும். புயல் இல்லை, ஆபத்து இல்லை. ஒன்றுமே இல்லை என்பதுதான் சோர்வு. கிளம்பிய இடம் மறந்துவிட்டது, சேர வேண்டிய இடம் இன்னும் எண்ணிலேயே அடங்கவில்லை.

கிலோமீட்டரை எண்ணாதீர்கள். தீர்க்கரேகையை எண்ணுங்கள். கோமேரா மேற்கே 17 பாகையில், ஆன்டிகுவா ஏறத்தாழ 62இல். இடையில் 45. சுமாரான ஒரு ஜோடி நல்ல காற்றில் நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை கடக்கும். முதல் சில நாள் தெற்கே இறங்கிக் காற்றைப் பிடிக்க வேண்டியிருப்பதால் எண் அசையாது, பயப்பட வேண்டாம். அப்புறம் தினம் ஒன்று ஏறும். ஒவ்வொரு ஐந்தாவது பாகைக்கும் ஒரு பொட்டலம் கட்டி வையுங்கள். வீட்டிலிருந்து ஒரு கடிதம், குழந்தை வரைந்த படம், ஒரு புதுச் சோப்பு. முன்கூட்டியே பிரிக்கக் கூடாது.

தினமும் ஒரு மணி நேரமாவது இருவரும் சேர்ந்து துடுப்புப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே படகில் இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்ப்பதே ஆள் மாறும் அந்தச் சில நிமிடம்தான் என்று ஆகிவிடும். மாலை நல்ல நேரம். மேற்கே போகும் படகில் நாம் பின்னோக்கி, கிழக்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருப்போம். உதயம் முழுக்க முகத்துக்கு நேரே. அஸ்தமனம் முதுகுக்குப் பின்னால். பார்க்க வேண்டுமென்றால் துடுப்பை நிறுத்தித் திரும்ப வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மனம் இடிந்து கிடக்கும்போது வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள். நீங்கள் அழுதுவிட்டு அடுத்த முறைக்குத் துடுப்பில் உட்கார்ந்துவிடுவீர்கள், கேட்டவர் ஒரு வாரம் தூங்க மாட்டார். ஏழு மீட்டர் படகில் நீங்கள் பேசுவது துணைக்கும் கேட்கும் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

படகு காரணம் தெரியாமல் மந்தமானால் அடியில் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிரி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை, கடல் அமைதியான பகலில், ஒருவர் கயிற்றோடு இறங்கிச் சுரண்ட வேண்டும், மற்றவர் தளத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஏறி வந்து துடுப்பைப் போட்டதும் படகு வழுக்கிக்கொண்டு போகும் பாருங்கள், அன்று முழுக்க இருவரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படியும் மனம் தேறாவிட்டால் மூத்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1896இல் ஜார்ஜ் ஹார்போ, ஃபிராங்க் சாமுவேல்சன் என்ற இரண்டு நார்வேக்காரர்கள் நியூயார்க்கிலிருந்து ஐந்தரை மீட்டர் மரப்படகில் கிளம்பினார்கள். கேபின் இல்லை, ரேடியோ இல்லை. நடுவில் கவிழ்ந்து சாப்பாட்டை இழந்தார்கள், எதிரே வந்த ஒரு நார்வே கப்பல் தானம் கொடுத்தது. 55ஆவது நாள் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளைத் தொட்டார்கள். அந்த வேகத்தை 2010இல்தான் முறியடித்தார்கள், அதுவும் நான்கு பேர் சேர்ந்து. இன்னொரு ஜோடி, ஜான் ஃபேர்ஃபாக்ஸும் சில்வியா குக்கும், 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி ஆஸ்திரேலியா சேர 361 நாள் ஆயிற்று. உங்களுடையது அறுபதுதான்.

9. கரை தெரிந்த பிறகு

கடைசி நாள் யாரும் தூங்க மாட்டார்கள். அங்கேதான் தவறும் நடக்கும். கரையை நெருங்க நெருங்கக் கப்பலும் பாறையும் கூடும், ஆகவே கடைசி இரவிலும் முறை மாறாமல் தூங்குங்கள்.

தரையில் கால் வைக்கும்போது ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டு மாதம் நடக்காத கால் மடங்கும். வயிறு காலி என்று பிரியாணி அளவுக்குப் போகாதீர்கள். கேமராவுக்குச் சிரித்துவிட்டு முதலில் டாக்டரிடம் புண்களைக் காட்டுங்கள்.

ஓட்டலில் அறை எடுக்கும்போது, குடும்பம் வந்திருந்தாலும், முதல் இரவுக்கு மட்டும் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து அறையாகப் பாருங்கள். இதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அலாரம் வைக்காமல் படுத்தாலும் இரண்டு மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடும். யாரோ வெளியே நனைந்துகொண்டு காத்திருப்பது போலிருக்கும், சட்டையைத் தேடுவீர்கள். அப்போது கதவைத் திறந்தால், பக்கத்து அறைக்காரரும் வராந்தாவில் நின்றுகொண்டிருப்பார்.